முதல் இருபது பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

படிக்கத் தயங்குகிறவர்களைப் பற்றியும் புத்தகங்களின் தொடக்கத்தைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: புத்தகத்தை ஆசையாகத்தான் வாங்குகிறேன். பத்துப் பதினைந்து பக்கம் போனதும் கை தானாக மூடி வைத்துவிடுகிறது. அலமாரியில் இப்படியே முப்பது புத்தகம் சேர்ந்துவிட்டது. எனக்குப் பொறுமை போதவில்லையா, செல்போன் கெடுத்துவிட்டதா?

பதில்: முப்பது புத்தகத்திலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறீர்கள் என்றால், பொறுமையைச் சந்தேகிக்கும் முன் அந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு நாவலில் வாசகர் தலையில் ஆக அதிகமாகச் சுமை ஏறுவது முதல் அத்தியாயத்தில்தான். யார் யார், யாருக்கு யார் என்ன உறவு, எந்த ஊர், எந்தக் காலம், கதையைச் சொல்வது யார், அவரை நம்பலாமா, இந்த எழுத்தாளர் வாக்கியத்தை எப்படி இழுத்து எங்கே முடிப்பார் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். மனம் ஒரே சமயத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியவை நான்கு அளவில்தான் என்கிறார்கள் நினைவாற்றலை ஆராய்கிறவர்கள். குடும்பக் கதை ஒன்றின் முதல் பதினைந்து பக்கத்தில் பத்துப் பெயராவது வந்துவிடும். ஐம்பதாம் பக்கத்தில் இந்தப் பாடு கிடையாது. பெயரைப் பார்த்ததும் ஆள் கண்முன் வந்துவிடுவார். நீங்கள் நுழைவுச் சீட்டை முழு விலைக்கு வாங்கிவிட்டு வாசலோடு திரும்பி வருகிறீர்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் மறுபடியும் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தொடக்கத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். புதுப் புத்தகத்தை எடுக்கிற முதல் நாள் நாற்பது, ஐம்பது நிமிடம் ஒரே இருப்பில் உட்காருங்கள். ‘தினம் பத்து நிமிடம் படி’ என்கிற அறிவுரை பாதிப் புத்தகம் தாண்டியவருக்குப் பொருந்தும், தொடங்குகிறவருக்கு ஆகாது. பத்து நிமிடத்தில் ஐந்தாறு பக்கம்தான் நகரும், பெயர்கள்கூடப் பதியாது. அடுத்தமுறை உட்காருவது 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். விட்ட இடத்திலிருந்து தொடராமல் இரண்டு பக்கம் பின்னால் போய் அங்கிருந்து படித்து வாருங்கள். மூன்றாம் முறையிலிருந்து பதினைந்து நிமிடம் போதும்.

அடையாளத்துக்குச் செருகுகிற தாளிலேயே பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் உறவோ தொழிலோ ஒரே சொல்லில். எட்டு வரியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் எழுதக் கை பரபரத்தால் பரீட்சைக்குப் படிக்கிற புத்தி வந்துவிட்டது என்று அர்த்தம்.

புதுப் புத்தகத்தைப் படுக்கையில் தொடங்குவது பலரும் செய்கிற தப்பு. நாள் முழுக்க உழைத்துக் களைத்த மூளைக்கு, புத்தகத்திலேயே கடினமான பகுதியைக் கொடுக்கிறோம், அது தூங்கிவிடுகிறது. பகலில் தொடங்குங்கள், பாதி தாண்டியதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் ஐம்பது நிமிடத்துக்கு அதை அடுத்த அறையில் வைத்தால் போதும். கவிழ்த்து வைப்பது கணக்கில் சேராது.

கேள்வி: முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை எல்லாம் படித்துவிட்டுத்தான் நூலுக்குள் போக வேண்டுமா? பெரும்பாலும் அங்கேயே அலுத்துவிடுகிறது.

பதில்: கதைப் புத்தகம் என்றால் தாண்டிப் போங்கள். கட்டுரை, வரலாறு, அறிவியல் என்றால் தாண்டாதீர்கள்.

‘ஆயிரம் முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே’ என்று நன்னூல் கண்டிப்பாகத்தான் சொல்கிறது. ஆயிரம் பிரிவாக விரிந்து கிடந்தாலும் பாயிரம், அதாவது முன்னுரை, இல்லாவிட்டால் அது நூலே இல்லையாம். ஆனால் பாயிரத்துக்கு அது வைக்கிற வேலையைப் பாருங்கள்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டுச் செய்தி சொல்ல வேண்டும். இது எதைப் பற்றியது, யாருக்காக எழுதியது, படித்தால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். தயங்குகிற வாசகருக்கு இந்த மூன்றும் தெரிந்தாலே பாதித் தயக்கம் போய்விடும். இப்போதைய முன்னுரையில் இந்த மூன்றைத் தேடுங்கள். மூன்று பக்கத்துக்குள் கிடைக்காவிட்டால் பொருளடக்கத்துக்குப் போய்விடுங்கள்.

நன்னூலில் இன்னொரு விதியும் உண்டு. தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்பதால் சிறப்புப் பாயிரத்தைப் பிறர்தான் எழுத வேண்டும். அந்தப் பிறர் யாரென்றால், ஆசிரியரின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். நால்வரும் வேண்டியவர்கள்! அணிந்துரை ஏன் ஒரே புகழ்ச்சியாக இருக்கிறது என்று இனி வியக்க வேண்டியதில்லை. நாவலுக்கு எழுதுகிற அணிந்துரைகளில் இன்னொரு தொல்லை, கதையின் முடிச்சை இரண்டாம் பக்கத்திலேயே அவிழ்த்துவிடுவார்கள். நாவலை முடித்த பிறகு படித்தால் அதே அணிந்துரை ஒரு நல்ல நண்பரோடு பேசுவது போல் இருக்கும்.

கட்டுரை நூலைத் தொடங்க இப்படிச் செய்யலாம்: முன்னுரை, பொருளடக்கம், கடைசி அத்தியாயத்தின் கடைசி நான்கு பக்கம். இவற்றுக்குப் பதினைந்து நிமிடம். பிறகு பொருளடக்கத்தில் உங்களை எந்தத் தலைப்பு இழுக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள், அது ஏழாவது அத்தியாயமாக இருந்தாலும் சரி. இதைத் திருட்டுத்தனம் என்று நினைப்பவர்கள்தான் முதல் அத்தியாயத்திலேயே புதைந்துபோகிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிப் பாடத்தைத் தடையில்லாமல் படிக்கிறான், கதைப் புத்தகத்தை மட்டும் தொடுவதில்லை. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பரிசு என்று சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: பரிசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பாடப் புத்தகத்தைத் தடையில்லாமல் படிப்பது ஏமாற்றக்கூடும். வகுப்பில் நான்கு முறை கேட்டதைத்தான் அவன் திரும்பச் சொல்கிறானோ என்னவோ. அவன் பார்த்திராத கதைப் புத்தகத்தில் சுமார் நூறு சொல் வருகிற ஒரு பகுதியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவன் பொருள் தெரியாமல் முழிக்கிற சொற்களை, அவனுக்குத் தெரியாமல், விரல் மடக்கி எண்ணுங்கள். இரண்டு வரை இருந்தால் தனியாகப் படிக்கலாம். மூன்று, நான்கு என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நூற்றுக்கு இரண்டு என்கிற கணக்குக்கு ஆதாரம் உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களிடம் ஹூ, நேஷன் இருவரும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைத் துணையில்லாமல் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது.

தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்பதில் ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நடுவில் மூச்சு முட்டி நிற்கும். அதைப் பொருள் தெரியாமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பென்சிலால் ‘போய்க்கொண்டு / இருந்தவர்களை’ என்று மெல்லிய கோடு போட்டுக் காட்டுங்கள். இப்படி நாலைந்து பக்கம் கோடு போட்டால் பிறகு அவன் கண்ணே வெட்டிக்கொள்ளும்.

படித்து முடித்ததும், ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று ஒரே ஒரு கேள்வி. சரளமாகப் படித்தும் சொல்லத் தெரியவில்லை என்றால் எழுத்தில் குறையில்லை, அந்த விஷயம் அவனுக்கு அந்நியம். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ரொம்பப் பயன்படும். பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்றாக அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். உங்கள் மகன் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறானோ, பூச்சியோ ரயிலோ கால்பந்தோ, அதில் தொடங்குங்கள். ‘நல்ல இலக்கியம்’ ஓடிப்போகாது.

இப்போது பரிசு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாமாகவே ஆசையோடு படம் வரைகிற குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் பாராட்டுச் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பேரம் வேண்டாம். எதிர்பாராத நேரத்தில் ஒரு புத்தகமே பரிசாக வந்தால் நல்லது.

பரிசுக்குப் பதில் தொடக்கத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். குரல் மாற்றி நடிக்கத் தேவையில்லை, சாதாரணமாகப் பேசுகிற வேகம் போதும். இரண்டாம் அத்தியாயத்தில் ஏதாவது ஒன்று நடக்கப்போகிற இடத்தில், கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தி, புத்தகத்தை அதே பக்கத்தில் விரித்தபடி விட்டுவிட்டு எழுந்து போங்கள். ‘மீதியை நீ படி’ என்று சொல்ல வேண்டாம். சில தடவை அவன் புத்தகத்தை எடுக்க மாட்டான். மறுநாள் அங்கிருந்து இன்னும் பத்துப் பக்கம் படித்து, மறுபடியும் அதே போல் நிறுத்துங்கள். இந்த முறை கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: படித்ததும் பெரியவர்கள் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள், பிள்ளைக்கு அது வீட்டுக்குள் வந்த வகுப்பறையாகிவிடும். முன்பு சொன்ன ஒரு கேள்விச் சோதனையையும் ஒருமுறையோடு நிறுத்திவிடுங்கள்.

வரி தாவுகிறான், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகப் படிக்கிறான், ஒன்பது வயதிலும் எழுத்துக் கூட்டியே படிக்கிறான், படித்தால் தலை வலிக்கிறது என்கிறான் என்றால் முதலில் கண் மருத்துவர். கண்ணில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாடுகளை ஆராய்கிற வல்லுநர். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ஒகரத்தில் இரண்டு பக்கமும் குறி நிற்கும். ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ என்று தொடக்க வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பிலும் அது தொடர்ந்தால் ‘சோம்பேறி’ என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பதினைந்து வயது. காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறேன். அதெல்லாம் படிப்பே இல்லை என்கிறார் அப்பா. படிப்பா, இல்லையா?

பதில்: படிப்புதான். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். எழுத்து மட்டும் உள்ள கதைக்கு மாற வேண்டும் என்று உனக்கே தோன்றினால், காமிக்ஸில் படம் உனக்காக இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்: இடத்தைக் காட்டியது, யார் பேசுகிறார் என்று காட்டியது. எனவே முதலில், உரையாடல் நிறைய உள்ள, எட்டுப் பத்துப் பக்கத்தில் அத்தியாயம் முடிகிற கதையாக எடு. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். மேற்கோள் குறிகளும் சின்னச் சின்ன பத்திகளும் நிறைய இருக்கும்.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கம் வரை சகித்துக்கொள்ள வேண்டும்? நடுவில் விட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்கு வைத்தார். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண் அளவு பக்கம் பார்த்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம், நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாம். வேடிக்கையாகச் சொன்னாலும் உள்ளே நியாயம் இருக்கிறது.

ஆனால் 120 பக்கக் குறுநாவலுக்கு ஐம்பது பக்கம் கிட்டத்தட்டப் பாதி. 900 பக்க நாவலுக்கோ ஐம்பது பக்கத்தில் திரையே விலகியிருக்காது. பத்தில் ஒரு பங்கு, அதோடு குறைந்தது ஒரு நீண்ட அமர்வு, இந்த இரண்டும் முடிந்த பிறகு முடிவெடுப்பது நல்லது. ஐந்து ஐந்து நிமிடமாகப் பத்து முறை தொட்டுவிட்டு ‘பிடிக்கவில்லை’ என்பது அந்தப் புத்தகத்துக்குச் செய்கிற அநியாயம்.

விடுவதற்கு முன் எந்த வகை அலுப்பு என்று பாருங்கள். யார் என்ன செய்கிறார் என்றே பிடிபடவில்லை என்றால், முதல் அத்தியாயத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். புரிகிறது, ஆனால் அந்த மனிதர்கள் என்ன ஆனாலும் கவலையில்லை என்றால் தயங்காமல் விடுங்கள். நல்ல புத்தகம், இப்போது மனம் அதில் ஒட்டவில்லை என்றால் தாளில் தேதி போட்டுச் செருகி, ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

வாங்கும் முன்பே சோதிக்க ஒரு வழியும் உண்டு: 99ஆம் பக்கத்தைத் திறந்து படிப்பது. ஆங்கில எழுத்தாளர் ஃபோர்ட் மேடாக்ஸ் ஃபோர்ட் பெயரில் வழங்குகிற யோசனை இது. முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் இருபது முறை தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். 99ஆம் பக்கத்தில்தான் அவருடைய அன்றாட நடை தெரியும். அந்தப் பக்கம் ஓடினால் தொடக்கம் கொஞ்சம் இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் ‘போகப்போக நன்றாக இருக்கிறது, ஆரம்பம்தான் ஓடவில்லை’ என்கிறார்கள். படிக்கத் தயங்குகிறவரையும் பிடித்து உட்காரவைக்கிற தொடக்கத்தை எப்படி எழுதுவது?

பதில்: ‘போகப்போக’ என்று நண்பர்கள் சொல்வது நண்பர்கள் என்பதால். முகம் தெரியாத வாசகர் அதுவரை போக மாட்டார்.

முதலில் கத்தரிக்கோல். முதல் பத்தியை மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் வெட்டுங்கள். அப்படியே மூன்றாவது, நான்காவது. முதல் நாவல்களில் இரண்டு மூன்று பக்கம் இப்படிப் போவது சகஜம். அவை எழுதுபவர் தன்னைத் தயார்செய்துகொள்ள எழுதிய பக்கங்கள், வாசகருக்கு எழுதியவை இல்லை.

இப்படி ஒரு தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம்: ‘மாலை நேரம். மேற்கு வானம் சிவந்திருந்தது. பறவைகள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. மூர்த்தி சன்னலருகே நின்று கடந்த காலத்தை அசைபோட்டுக்கொண்டிருந்தான்.’ நான்கு வாக்கியம் போயிற்று, வாசகர் மனத்தில் ஒரு கேள்வியும் எழவில்லை. இதையே, ‘மூர்த்தி அந்தக் கடிதத்தை அன்றும் பிரிக்காமலே மேசையில் வைத்தான்’ என்று தொடங்கினால், ‘அன்றும்’ என்பதில் உள்ள உம்மையும் ‘பிரிக்காமலே’ என்பதில் உள்ள ஏகாரமும் வேலையைச் செய்துவிடுகின்றன. எத்தனை நாளாக? யார் எழுதியது? ஏன் பயப்படுகிறான்? சூரியன் பிறகு மறைந்துகொள்ளட்டும்.

கதையை நடுவில் தொடங்கு என்கிற பாடம் பழையது. ரோமானியக் கவிஞர் ஹோரஸ், டிராய்ப் போரின் கதையை, அதற்குக் காரணமான ஹெலன் (கிரேக்கப் புராணத்தில் முட்டையிலிருந்து பிறந்தவள்) பிறந்ததிலிருந்து தொடங்காமல் நேரே நடுவில் கொண்டுபோய் இறக்குகிற கவியைப் பாராட்டினார். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, யாரென்றே தெரியாத இருவர் அடித்துக்கொள்கிற காட்சியில் தொடங்குகிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாத சண்டை, சண்டையே இல்லாத பக்கத்தைவிட அலுப்புத் தரும். முதல் பக்கத்துக்குத் தேவை ஓர் ஆள், ஓர் இடம், வழக்கத்துக்கு மாறான ஒரு சின்ன விஷயம்.

முதல் இரண்டு பக்கத்தில் மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். மூன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும். செல்வி, செல்வம், செல்லப்பன் என்று வைத்தால் வாசகர் பத்தாம் பக்கத்தில் மூவரையும் ஒருவராக்கிவிடுவார். மற்ற ஆட்களுக்கு ‘பக்கத்து வீட்டுக்காரர்’, ‘டாக்டர்’ என்று தற்காலிகப் பெயர் போதும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கி, எழுந்து, குளித்து, கிளம்பி, பேருந்துக்குக் காத்திருந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்தவளை என்று போனால், வினைமுற்று வரும்வரை வாசகர் அத்தனையையும் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். நடையில் பழகிய பிறகு அது ஒரு சுகம். முதல் வரியிலேயே அந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது. முதல் வாக்கியம் ஆறிலிருந்து பத்துச் சொல்லுக்குள் நிற்கட்டும், நீளத்தை இரண்டாம் பக்கத்திலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

இதே இலக்கணம் ஒரு வசதியும் தருகிறது. ‘வந்துவிட்டாள்’ என்று ஒரே சொல்லில் ஒரு கதை தொடங்க முடியும். வந்தது பெண், ஒருத்தி, சொல்பவருக்கு அவளிடம் உரிமை உண்டு, அவளுக்காக யாரோ காத்திருந்தார்கள் என்று நான்கு செய்தி அதற்குள். ‘வந்துவிட்டார்’ என்றால் கதைசொல்லி இரண்டடி தள்ளி நிற்கிறார். ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்று முதல் வினையிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஐந்தாம் பக்கத்தில் ‘வந்தான்’, ஆறாம் பக்கத்தில் ‘வந்தார்’ என்று மாறினால் இரண்டு ஆளோ என்று வாசகர் குழம்புவார். கையெழுத்துப் பிரதிகளில் அடிக்கடி கண்ணில் படுகிற பிழை இது.

வட்டார வழக்கு அழகுதான். ஆனால் முதல் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் பேச்சொலிப்படி எழுதிவைத்தால், அந்த வழக்கு பழகாதவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். விளிச்சொல், ஓரிரு வினைமுடிவு, ஒரு வசவு போதும். காது பழகப்பழகக் கூட்டுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: அந்த நண்பர்களை விட்டுவிட்டு, படிக்கிற வழக்கமே இல்லாத ஒருவரிடம் முதல் ஐந்து பக்கத்தைக் கொடுத்து, தலைநிமிர்ந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கருத்து கேட்காதீர்கள். மூன்று பேரிடம் கொடுத்து மூவரும் ஒரே பத்தியில் புள்ளி வைத்தால் வேறு விமர்சனம் தேவையில்லை.

கேள்வி: நாற்பத்தாறு வயது. முன்பெல்லாம் நிறையப் படித்தவன். இப்போது இரண்டு பக்கத்தில் கண் சொருகுகிறது, ஆர்வமே போய்விட்டது போல் இருக்கிறது.

பதில்: ஆர்வத்தைக் குறை சொல்லும் முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தொடங்கும். எல்லோருக்கும் வருவது இது. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்கள் என்றால் அதுதான். சுமார் 40 செ.மீ. தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். விளக்கு தோளுக்குப் பின்னால், பக்கவாட்டிலிருந்து பக்கத்தின் மேல் விழட்டும். கண்ணாடி போட்ட பிறகும் அலுத்தால் மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே. இருபத்தைந்து நாள் படித்தேன், இன்னும் தானாக வரவில்லை.

பதில்: அந்த 21 உங்களைப் பற்றிச் சொன்னதே இல்லை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘ஆவது’ நடுவழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி போன்ற புதுச் செயல்கள் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18லிருந்து 254 வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய இழப்பும் இல்லை.

ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள். ‘இரவு நேரம் கிடைத்தால்’ என்பது கிடைக்காது. ‘பல் துலக்கியதும் அந்த நாற்காலியில்’ என்பது நடக்கும். புத்தகம் அந்த நாற்காலியிலேயே கிடக்கட்டும், அலமாரிக்குப் போனால் மறந்துவிடும். குறைந்த அளவு இரண்டு பக்கம். மிக மோசமான நாளிலும் முடிகிற அளவாக இருக்க வேண்டும். நிறுத்தும்போது அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே கதை ஓய்ந்துவிடுகிறது, மறுநாள் புதிதாகத் தொடங்குகிற அதே தயக்கம் வந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் போய், காட்சியின் நடுவில் மூடுங்கள்.

கேள்வி: திரையில் படிப்பதும் காதால் கேட்பதும் கணக்கில் சேருமா?

பதில்: சேரும். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் டெல்காடோ குழுவினர் வெளியிட்ட அலசலில், தகவல் சார்ந்த பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதலாக இருந்தது. கதைக்கு அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே நாவலைத் திரையில் படிக்கலாம், பாடத்தைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்புத்தகம் தொடக்கத்துக்கு நல்ல கைத்தாங்கல்: முதல் இரண்டு அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து கண்ணால் படித்தால், பெயர்களின் உச்சரிப்பும் நடையின் ஓட்டமும் ஏற்கெனவே காதில் இருக்கும்.

கேள்வி: கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் என் மனைவி எந்த நாவலையும் தொடங்குகிறாள். பாவம் இல்லையா இது?

பதில்: லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து சிறுகதை படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடக் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சிலவற்றில் நேர்மாறாகவும் வந்தது. முடிவு என்னாகுமோ என்கிற பதற்றத்தில் வரிகளைத் தாவுகிறவர்களுக்கு, முடிவு தெரிந்த நிம்மதி நிதானமாகப் படிக்க உதவும். உங்கள் மனைவி புத்தகங்களை முடிக்கிறாரா? முடிக்கிறார் என்றால் அவரை விட்டுவிடுங்கள். உங்களிடம் முடிவைச் சொல்லாமல் இருந்தால் போதும்.